இரண்டு என்று சொன்னது என் பிழை

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மறதியும் இருக்கிறது. சொல்ல வந்ததை விட்டு வேறெங்காவது போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அமெரிக்காவில் டொக்டர் நம்மைத் தொட்டுப் பார்க்கும் முன்பே சுவரில் ஒட்டிய முகங்களைக் காட்டுகிறார்கள். வட்டமான மஞ்சள் முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் கண்ணீர் விடுகிறது. கீழே பூச்சியத்திலிருந்து பத்து வரை இலக்கம். நம்முடைய நோவு எந்த முகம் என்று விரலால் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு வைத்த படம் என்றுதான் நினைத்தேன். தாதி கேட்டதும் வெட்கமாகிவிட்டது. இரண்டு என்று போட்டிருந்த, லேசாகச் சிரிக்கிற முகத்தைத் தொட்டேன். அவளும் சிரித்துக்கொண்டு எழுதினாள். அன்று என் வாய்க்குள் கொப்பளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது. தேத்தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இலங்கையில் என் ஊரான உடப்பு ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் தீ மிதிப்போம். தணலைத் தாண்டி வந்தவளிடம் ஒருத்தி கேட்பாள், "என்ன மச்சாள், சுட்டுதா?" "ஆருக்கு? பூ மாதிரியெல்லோ இருந்திச்சு!" என்பாள் இவள். சுட்டது என்று சொன்னால் விரதத்தில் ஏதோ பிழை என்று ஊர் கதைக்கும். ஒரு வருடம் என் உள்ளங்காலில் கொப்பளம் போட்டது. வீட்டின் பின்பக்கம் காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அழுதேன். வாசலுக்கு ஆள் வந்தால் எழும்பி நேராக நடந்து காட்டினேன். தங்கச்சி ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படிப் பழகிய விரல் அந்த அழுகிற முகத்துக்குப் போகுமா?

என் வருத்தத்தின் பெயர் பெம்பிகஸ். உடம்பே தன் தோலைப் பகையாக நினைத்துக் கழற்றிவிடுமாம். ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்கும் வராத நோய் என்றார் தோல் டொக்டர். நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார்: "இதை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் இதையே பார்க்கிற ஒருவர் இருக்கிறார்." அந்த ஒருவர் என் காப்புறுதிக் கம்பனியின் நெட்வேர்க்கில் இல்லை. கம்பனிக்கென்று டொக்டர்மாரின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருப்பவரிடம்தான் போகலாம். வெளியே போவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். கேட்டோம். பட்டியலிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள் என்று கடிதம் வந்தது. மகள் அந்த மூன்று பேருக்கும் டெலிபோன் அடித்துப் பார்த்தாள். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒருவர் முகச் சுருக்கம் மட்டும்தான் எடுப்பாராம். மூன்றாமவர் புது நோயாளிகளைப் பார்ப்பதில்லை. கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: நோயாளியின் நோவு பத்துக்கு இரண்டு, அவசரமில்லை.

மகள் கடிதத்தை மேசையில் வைத்தாள். "அம்மா, ரெண்டு எண்டு நீங்களா சொன்னீங்க?"

"ஓம் பிள்ளை."

"சோறு திண்ண ஏலாம அழுற மனிசி, ரெண்டா? இவங்களுக்கு அது சாட்டாப் போச்சு."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வெட்கத்தை எடுத்து எனக்கே எதிராக எழுதியிருந்தார்கள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

கடிதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தோம், டெலிபோனில். அந்தப் பக்கம் கம்பனிப் பெண் ஒருத்தி, நடுவில் மொழிபெயர்க்கிற தம்பி, இந்தியத் தமிழ். மகள் பேச வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கதைத்தால் வாய் எரியும், எரியட்டும்.

"பாட்டி, முன்னாடி வலி ரெண்டுன்னு சொல்லியிருக்கீங்களாம். இப்ப அதிகமாயிடுச்சான்னு கேக்குறாங்க."

"கூடயில்ல தம்பி. அப்பவும் பத்துத்தான். நான் பொய் சொன்னனான்."

தம்பி குரலைத் தாழ்த்தினார். "பாட்டி... பொய்னு அப்படியே சொல்லட்டுமா? வேற மாதிரி சொல்லலாமே."

"வேற மாதிரிச் சொல்லித்தானே இப்படி ஆச்சு. சொன்னதைச் சொல்லுங்க. அவங்கட கடதாசியிலயும் பொய் இருக்கு. வேலைய விட்ட மனிசரை டொக்டர் எண்டு போட்டிருக்கு. என்ர பொய்ய நான் ஒத்துக்கொண்டுட்டன். அவங்க ஒத்துக்கொள்ளுவாங்களா எண்டு கேளுங்க."

வாயிலிருந்து இரத்தம் வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். தம்பி அப்படியே சொல்ல, அந்தப் பெண் நெடுநேரம் தட்டி எழுதுகிற சத்தம் கேட்டது.

ஊரில் எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. சிலாபம் ஆஸ்பத்திரிக்கு விடியப்போய் இலக்கம் எடுத்து, வாங்கில் இடமில்லாமல் நிலத்தில் குந்தியிருந்திருக்கிறேன். இல்லாத மருந்துக்குத் துண்டுச் சீட்டும் வாங்கி வந்திருக்கிறேன். ஆனால் பெரிய வருத்தம் என்றபோது ஒரு கடிதத்தோடு கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்த டொக்டர் உன் பட்டியலுக்கு உள்ளா, வெளியா என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே கதிரை மெத்தென்று இருக்கிறது. நோயைத் தெரிந்தவரும் இருக்கிறார். பட்டியல் மட்டும் ஆற்றங்கரையோடு முடிந்துவிடுகிறது.

அனுமதி வந்தது, ஆறு மாதத்துக்கு. பிறகு திரும்பவும் கேட்க வேண்டுமாம். கேட்பேன். ஆற்றைத் தாண்டிப் போனேன். அங்கேயும் சுவரில் அதே முகங்கள். தாதி கேட்கும் முன்பே கடைசி முகத்தில் விரலை வைத்தேன்.

அன்று பின்னேரம் உடப்பிலிருந்து தங்கச்சி டெலிபோன் எடுத்தாள். "எப்பிடியக்கா சுகம்?" பின்னால் கடல் இரைவது கேட்டது. "பறவாயில்லடி" என்றேன். பத்து என்று சொன்ன அதே வாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சொல், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சொல் என்று அது இரண்டாகிவிட்டது.

இதை வாசிக்கிற யாராவது விவரங்களைச் சரிபார்த்துவிடுங்கள். நோயின் பெயரை நான் பிழையாக எழுதியிருக்கலாம், கடிதங்களின் ஒழுங்கும் மாறியிருக்கலாம். தங்கச்சி, நீயும் வாசிப்பாய். அந்த இலக்கத்தை மட்டும் ஒருவரும் திருத்த வேண்டாம். அது பத்து.