பீடிக்கு மட்டும் எச்சரிக்கை

பேய் என்றால் எனக்கு ஆகாது. வயது ஐம்பதைத் தொடப்போகிறது. சுருளிப்பட்டி போகிற வழியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறேன். பந்தலுக்கடியில் பாம்பைப் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும் அளவுக்குத் தைரியமும் உண்டு. ஆனால் டிவியில் ஒரு கதவு தானாகத் திறந்தால் போதும், இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வேன். கால் தரையில் இருந்தால் பேய் பிடித்து இழுத்துவிடும் என்று ஒரு முன்னேற்பாடு.

என் தங்கச்சி இதற்கு நேர் எதிர். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. பேய்க்கதை என்றால் சோறு வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மலையாளத்தில் எடுத்துத் தமிழ் பேசவைத்த பேய்த்தொடர் ஒன்று, வெள்ளிக்கு வெள்ளி ஒரு பாகம் ஓடிடி ஆப்பில் வரும். மலைமேல் எஸ்டேட் பங்களா, பங்களாவுக்குள் பேய். தேயிலையைக் காட்டி ஏலத்தோட்டம் என்கிறான் பார் என்று அவள் சிரிப்பாள். என் மனைவி மொச்சை உரிப்பாள். நான் காலைத் தூக்கி வைத்திருப்பேன். வேலையும் வீடும் தவிர தங்கச்சி வந்து உட்காருகிற ஒரே இடம் எங்கள் டிவிக்கு முன்னால் விரிக்கிற பாய்தான்.

சின்ன வயதில் அவள் வேலைக்குப் போன இடத்தில் ஒருவன் அவளுக்குச் செய்ததை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. ‘அந்த வருசம்’ என்போம். அதோடு பேச்சை மாற்றிவிடுவோம்.

அந்த வெள்ளிக்கிழமையும் தொடர் ஆரம்பிக்கும்போது எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன. பயமுறுத்தும் காட்சிகள் உண்டு. கெட்ட வார்த்தை உண்டு. வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். மிருகம் எதையும் துன்புறுத்தவில்லை. இவ்வளவு பொறுப்பான மனிதர்களா என்று எனக்கே மனசு இளகியது. பாதியில் பங்களாவில் கரண்ட் போனது. பேய் உயிரோடு இருந்த காலத்துக்குக் கதையைத் திருப்பினார்கள். ஒரு அறை, ஒரு பெண், ஒருவன் கதவைத் தாழ்போட்டான். அதன்பிறகு அவன் அவளைப் பலாத்காரம் செய்வதை விட்டு விட்டுக் காட்டாமல், ஆற அமரக் காட்டினார்கள். அதைப்பற்றி முன்னால் ஒரு எழுத்துக்கூடப் போடவில்லை.

நான் ரிமோட்டைப் பிடித்தேன். நிறுத்துவதாக நினைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். மறுபடி அமுக்கியதில் படம் அப்படியே உறைந்து நின்றது, எது நிற்கக் கூடாதோ அதிலேயே. ரிமோட்டைத் தட்டினேன், பேட்டரி தெறித்து மொச்சைக்குள் விழுந்தது. கடைசியில் எழுந்து, வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து டிவிக்கு முன்னால் நின்றேன். எங்கள் வீட்டு டிவி என் வேட்டியைவிட அகலம். மனைவிதான் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது பாய் காலியாக இருந்தது. தங்கச்சியின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. வெறுங்காலோடு போயிருக்கிறாள்.

அடுத்த வெள்ளி வரவில்லை. செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வேலை ஜாஸ்தி என்றாள்.

ஆப்புக்காரர்களுக்குப் போன் போட்டேன். பேசிய பெண் தேன் மாதிரி பேசியது. படம் தெளிவாக வருகிறதா, சத்தம் கேட்கிறதா என்று விசாரித்தது. எல்லாம் ரொம்பத் தெளிவாக வருகிறது, அதுதான் புகார் என்றேன். சின்னப்பிள்ளைகள் பார்க்காமல் பூட்டுப்போட வசதி இருக்கிறது என்றது. எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளை நான் ஒருத்தன்தான் தாயி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பந்தலுக்கு மருந்து அடித்தால் தோட்டத்து வாசலில் சிவப்புத் துணி கட்டுவோம். போகிறபோக்கில் ஒரு கொத்தைப் பறித்து வாயில் போடுகிறவர்களுக்காகவும், ஆடு ஓட்டி வருகிறவர்களுக்காகவும். எந்தச் சட்டமும் சொல்லிக் கட்டுவதில்லை. ஊரான் வீட்டு ஆடு செத்துவிடக் கூடாதே என்ற எண்ணம், அவ்வளவுதான். கோடிகளைக் கொட்டிப் படம் எடுக்கிறவர்களுக்கு தோட்டக்காரனுக்கு இருக்கிற இந்தப் புத்தி ஏன் இல்லை என்று நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

சரி, நானே கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து, கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு, புதுப் பாகத்தைப் போனில் முதல் ஆளாகப் பார்ப்பேன். மோசமான காட்சி இருந்தால் சாயங்காலம் வீட்டுக் கேட்டில் அந்தச் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். தங்கச்சிக்கு விவரத்தை மனைவி சொல்லிவிட்டாள். என்னைப்பற்றி ஊருக்கும் சொல்லிவிட்டாள்.

“பேய்க்குப் பயந்த மனுசன், பட்டப்பகல்ல மோட்டார் ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டுப் பேய்ப்படம் பாக்குறாக.”

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டில் துணியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ள யாருக்கு மருந்தடிச்சிருக்கீக என்று அக்கறையாக விசாரித்தார்.

ஒவ்வொரு வாரமும் துணி கட்டவேண்டியிருந்தது. அந்தப் பங்களாவில் பேய்க்குப் பஞ்சமில்லை, எல்லாப் பேயும் பொம்பளைதான். ஆம்பளை பேயாக வேண்டுமென்றால் பைக்கிலிருந்து விழுந்தால் போதும். பொம்பளை பேயாக வேண்டுமென்றால் இவர்களுக்கு ஒரே வழிதான் தெரிகிறது. அதைச் செய்து, அதைக் காட்டி, அதற்கு வயலினும் வாசித்து, அப்புறம்தான் வெள்ளைச் சேலை கொடுக்கிறார்கள். மோட்டார் ரூமில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பேன். பேயைப் பார்த்து வந்த வியர்வை இல்லை அது. பேய் வந்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தங்கச்சி தெருமுனை வரை வருவாள். துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு, காப்பாற்றிவிட்டோம் என்று மீசையைத் தடவிக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் திரும்பவில்லை. கேட்டுக்கு வந்தாள், துணியை அவிழ்த்தாள், கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள்.

“ஏண்ணே, மருந்தடிச்ச தோட்டத்துல துணி கட்டுனா, நீ உள்ள போகாமலா இருக்க?”

“மோட்டார் போடப் போவேன். எந்த வரிசையில அடிச்சிருக்குனு தெரியும், அதை விட்டு ஒதுங்கிப் போவேன்.”

“எனக்கும் அத மட்டும் சொல்லு. எங்கன இருக்குனு தெரியணும், அம்புட்டுத்தான். வரவே வேணாம்னு நீ யாரு சொல்ல? அந்த நாயெல்லாம் கடைசியில எப்படிச் சாவுறான்னு நான் பாக்க வேணாமா?”

என் மனைவி மொச்சையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் உரிப்பது நின்றுவிட்டது.

படத்தில் அவன் கதவைத் தாழ்போட்டான். நான் வாசலில் துணி கட்டியிருக்கிறேன். இத்தனை வெள்ளிக்கிழமையும், அவள் உட்காருகிற ஒரே இடத்தை அடைத்துவைத்திருக்கிறேன்.

சொன்னேன். கார் பஞ்சராகி நிற்கிற இடத்தில் எழுந்துவிடு, சேவல் கூவியதும் வா. அவள் தலையாட்டினாள். கார் நின்றது, அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். நான் சத்தத்தை அமத்தினேன், இந்த முறை சரியான பொத்தான். ஊமையாக அது நடந்து முடிந்தது. அந்தப் பயல் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு ஒரு பீடியைப் பற்றவைத்தான். உடனே திரையின் மூலையில் எழுத்து ஓடிவந்தது: புகைப்பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு. அவன் நுரையீரல்மேல் அவ்வளவு கவலை. ரிமோட்டை எறிய ஓங்கினேன். புது டிவி வாங்க இந்த வருச விலையில் திராட்சை இடம் தராது என்பதால் கையை இறக்கினேன்.

சேவல் கூவியது. கூப்பிட்டேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள். திரையில் ஊஞ்சல் தானாக ஆட ஆரம்பித்தது. என் கால் இரண்டும் நாற்காலிமேல் ஏறின.

“அண்ணே, இப்ப வரப்போகுது,” என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கண்ண மூடிக்க. முடிஞ்சதும் நான் சொல்றேன்.”