பாக்கெட் ஓரத்து மைக்கறை

நான் படித்து ஆளானதற்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தால், எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருந்த பாத்திரக்கார அத்தைதான் முதலில் நினைவுக்கு வருவார். உறவு ஒன்றும் இல்லை. அந்த வரிசையில் எல்லாருக்கும் அவர் அத்தை.

எழுமலையிலிருந்து திருநகர்ப் பக்கம் நாங்கள் குடிவந்த ஆண்டு அது. அத்தை கூடையில் எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்துபோய், திருநகர் வீடுகளில் கொடுத்து, பதிலுக்குப் பழைய துணி வாங்கி வருவார். துவைத்து, கிழிசல் தைத்து, உடுத்த ஆவதை எங்களைப் போன்றவர்களுக்கு விற்பார். ஆகாதது வண்டிப் பட்டறைகளுக்குத் துடைக்கும் துணியாகப் போகும். அவர் கொண்டுவந்து என் அளவுக்குப் பிடித்துத் தைத்த சீருடையில்தான் நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். பள்ளியில் யாருக்கும் அது தெரிந்துவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

ஒருநாள் பள்ளி விட்டதும் வகுப்புத் தோழி படம் வரையத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். வாசலில் அவள் அம்மா ஒரு தூக்குவாளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எதிரே கூடையோடு அத்தை.

தோழி அத்தையின் கையிலிருந்த பழைய துணிகளைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"அம்மா, நாம பாத்திரத்துக்குப் போட்ட என் பழைய சட்டையிலயும் பாக்கெட் ஓரத்துல இதே மாதிரி மைக்கறை இருந்துச்சுல்ல?"

நான் புத்தகப் பையை முன்னால் இழுத்துப் பாக்கெட்டை மறைத்தேன்.

அத்தை துணியை உதறியபடியே சொன்னார்: "பேனா சொருகுற பிள்ளைக சட்டை அம்புட்டும் அப்படித்தான் தாயி இருக்கு. தெனம் பாக்குறேன்ல." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த ஊரு தாயி? கடையில எடுத்ததா? நல்லாத் தச்சிருக்காக."

தலையாட்டினேன்.

"இன்னொரு சீலை போட்டாத்தான்க்கா வாளி கட்டுபடியாகும்" என்று அத்தை பேரத்துக்குத் திரும்ப, தோழியின் அம்மாவும் சீலைச் சண்டையில் இறங்கிவிட்டார். நாங்கள் உள்ளே போய் வண்ணப் பென்சில்களைப் பிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பொருமித் தீர்த்தேன். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டவர், எந்த ஊர் என்று கேட்கிறார்; அடியோடு மறந்துவிட்டார். அம்மா நடந்ததை எல்லாம் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார். மீன் குழம்பில் நடுத்துண்டுகளாகப் பார்த்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு நடந்தார்.

என்னை மறந்தவருக்கு நடுத்துண்டு எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று நாள் அத்தையிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.