ஹட்டன் பட்டறையில் வயரோடு பட்ட பாடு

வண்டி வயர் வேலையில், பழுது எங்கே இருக்கிறதென்று புகை வந்தால்தான் தெரியும். இதே பிழைப்பில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஜாருக்குப் பின்னால் ஒரு மோட்டார் பட்டறையில் வயர்க்காரனாக இருந்தேன்.

கல்யாண மோதிரம்

கல்யாணமாகிப் பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். ஒரு காரின் பேட்டரியைக் கழற்றாமலே பக்கத்து மரையாணியைத் திருகப் போக, மோதிரம் பேட்டரி முனைக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு நொடியில் மோதிரம் பழுக்கக் காய்ந்துவிட்டது. டயர் வேலை பார்த்த அந்தோணி என் கையைப் பிடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினான். விரல் கொப்பளித்ததைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "மோதிரத்த வீட்டுலயே வச்சுட்டு வாப்பா. பேட்டரியும் ஒன் கையப் புடிக்கப் பாக்குது."

ஈயத் தாள்

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர் கருப்பையா. ஒருநாள் லாரிக்குள் துணி கருகும் வாடையோடு வந்து நின்றார். திறந்து பார்த்தால், ஃபியூஸ் மேல் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத் தாள் சுற்றியிருந்தது. ஃபியூஸ் ஓயாமல் எரிந்துபோனதால் தானே கண்டுபிடித்த வைத்தியம் என்று பெருமையாகச் சொன்னார்.

தேடிப் பார்த்ததில், ஒரு வயர் தகட்டு விளிம்பில் உரசித் தோலுரிந்து கிடந்தது. அதை மாற்றி, துவாரத்துக்கு ரப்பர் வளையம் போட்டேன். லாரி எரியக் கூடாதென்றுதான் ஃபியூஸ் தன்னையே எரித்துக்கொள்கிறது என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "லாரியில ஒழுங்கா வேல செஞ்சது அது ஒண்ணுதாங்க. அதையும் நான் செய்ய விடல."

ஓயாத ஹாரன்

தலவாக்கலையில் ஒரு தோட்டத்துத் துரையின் காருக்கு விளக்குப் பார்க்கப் போயிருந்தேன். காலை பத்து மணிக்கு ஹாரன் வயர் எங்கோ இரும்பைத் தொட்டுவிட, கார் தானாகவே அலறத் தொடங்கியது. வேலை விடும் சங்கு என்று நினைத்து, மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். நான் பேட்டரி வயரைக் கழற்றிச் சத்தத்தை நிறுத்தினேன். வேலையை மேற்பார்த்த கங்காணி எல்லோரையும் மலைக்குத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண்களில் முன்னால் நின்ற மீனாட்சி அசையவில்லை. "வரச் சொன்னது காருதாங்க. போகவும் அதுவே சொல்லட்டும்."

மூடுபனி

கருப்பையாவின் மனைவி செல்லம்மாவுக்கு ஒரு பிற்பகலில் இடுப்புவலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட லாரியில், தோட்டத்துக்கு வந்திருந்த நானும் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் பனி இறங்கி ரோடே தெரியவில்லை. ஒரு வளைவில் விளக்கும் எஞ்சினும் ஒன்றாக நின்றன. கருகல் வாடை வந்தது.

கருப்பையா பதறிப்போய் வயரை இழுக்கப் பார்த்தார். பெட்ரோல் குழாய் பக்கத்திலேயே இருந்ததால் அவர் கையைத் தட்டிவிட்டேன். செல்லம்மா முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் பேட்டரியை முதலில் கழற்றினேன். கருகிய துண்டை வெட்டி, நல்ல வயரை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, பிறகே இணைப்புக் கொடுத்தேன். எஞ்சின் உறுமியதும் கருப்பையா லாரியைத் தடவிக் கொடுத்து அழுதுவிட்டார். ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் பார்க்கப் போனேன். குழந்தையை என்னிடம் நீட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்ற கருப்பையாவைக் கண்ணால் காட்டிச் செல்லம்மா சொன்னாள்: "வலியில துடிச்சது நானு. இவரு தடவிக் குடுத்தது லாரியத்தான் அண்ணே."

பேட்டரியைக் கழற்றினால் எந்த வயரும் அடங்கிவிடும். எங்கள் பக்கத்து வாய்களை அடக்க எதைக் கழற்றுவதென்று மட்டும் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.