தாய்நாய்க்கு ஒரு தூக்குச் சோறு

காடாம்புலியூரில் நான் பஸ் ஏறினபோது காலை ஆறரை மணி. தோளில் ஒரு பை, கையில் ஒரு தூக்கு. பைக்குள் பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து வைத்திருந்தேன், நாய்க்குட்டியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவதற்கு. தூக்கில் மீன் தலை வேகவைத்துப் பிசைந்த சோறு. எனக்கில்லை, அந்தக் குட்டியைப் பெற்ற தாய்க்கு.

எங்கள் வீட்டு வழக்கம் அது. குட்டி எடுக்கப் போனால் சும்மா தூக்கிக்கொண்டு வந்துவிட மாட்டோம். தாய்நாய்க்கு முதலில் ஒரு வாய் சோறு வைப்போம். அது தின்று முடித்தபிறகுதான் குட்டியைத் தொடுவோம்.

கண்டக்டர் தம்பி மூக்கைச் சுளித்தார். "ஆயா, தூக்குல என்னா, ஊரைக் கூட்டுது?"

"அம்மான்னு சொல்லு. நாய்க்குச் சோறு."

"நாய்க்கே மீன் சோறா? எங்க வீட்டுல நேத்து ரசம்" என்று சொல்லிக்கொண்டே மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்புத்தான். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒரு படபடப்பு.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். முந்திரித் தோப்புக்குள் தனி வீடு எனக்கு. வீட்டுக்காரர் போனபிறகும் அங்கேதான் இருக்கிறேன், இருப்பேன். காவலுக்கு இருந்த நாய் வயசாகிச் செத்துப்போயிற்று. பக்கத்துத் தோப்பில் இரண்டு தடவை கொட்டை திருட்டுப் போனதும், விழுப்புரத்தில் இருக்கிற என் மகன் போனிலேயே போட்டோ பார்த்து ஒரு குட்டி வாங்கினான். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பழப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வந்த வாரத்திலேயே ரத்தமாகக் கழிந்து என் கையிலேயே போய்விட்டது. அதற்கப்புறம் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். "ஒண்ணு நாய் வரணும், இல்லன்னா நீ வரணும். இந்த மாசம் முடியிற ஞாயித்துக்கெழமை வண்டி எடுத்துக்கிட்டு வரேன்." விழுப்புரத்தில் அவனுக்கு மூணாவது மாடி. அங்கே போய் நான் என்ன செய்வது? பால்கனியில் நின்றுகொண்டு கீழே போகிறவர்களை எண்ணுவதா? குட்டியை இந்தத் தடவை நானே போய்ப் பார்த்து எடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

பண்ருட்டியில் பஸ் மாறி, நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர். வழியெல்லாம் பலாப்பழக் குவியல். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது எட்டரை. என் வீட்டுக்காரருடைய தங்கை கனகா குடையோடு நின்றுகொண்டிருந்தாள். மஞ்சக்குப்பத்தில் வீடு, கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து ஓட்டினவள், கடலூரில் அவளுக்குத் தெரியாத சந்து கிடையாது. நாய் வளர்த்து விற்கிறவர்கள் மூன்று பேருடைய விலாசம் விசாரித்து வைத்திருந்தாள். முதல் இரண்டும் கடலூரில். மூன்றாவது சிதம்பரத்தில், அவளுடைய பூனைக்கு ஊசி போடுகிற டாக்டர் சொன்னது.

"சிதம்பரம் எதுக்கு அண்ணி, இங்கியே முடிச்சிடலாம். மதியம் என் வீட்டுல சாப்பாடு" என்றாள்.

முதல் இடம் கடைத்தெருவுக்குப் பின்னால், மாடியில். ஏசி குளுகுளு என்றிருந்தது. கண்ணாடிப் பெட்டிகளில் குட்டிகள். சப்பை மூக்கு, சடை முடி, பஞ்சு உருண்டை என்று ஏழெட்டு ஜாதி. பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். கனகா ஒவ்வொரு பெட்டியாகக் கொஞ்சிக்கொண்டே போனாள். கடைக்காரர் இளவட்டம், நல்லாப் பேசினார். எந்த ஜாதி வேண்டுமானாலும் நாலு நாளில் வரவழைத்துத் தருவாராம், இன்றைக்கே எடுத்தால் விலையில் குறைப்பாராம்.

"தாய் எங்கப்பா? சோறு வெக்கணும்" என்றேன்.

பண்ணையில் இருக்கிறது, பாண்டிச்சேரியில், என்றார். கனகா கொஞ்சி முடித்துத் திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டாள். அவளுக்கு ஓசூர் என்றார். நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். அவர் அசரவில்லை. சோற்றைக் கொடுங்கள், நான் கொடுத்தனுப்புகிறேன் என்று கையை நீட்டினார்.

படியிறங்கும்போது கனகா சொன்னாள்: "பாண்டிச்சேரிக்கு ஒண்ணு, ஓசூருக்கு ஒண்ணுன்னு ரெண்டு தூக்கா கொண்டாந்திருக்கணும் அண்ணி."

தெருவில் நின்றபிறகுதான் இன்னொன்று எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் யார், எந்த ஊர், குட்டியை எங்கே கட்டுவேன், என்ன போடுவேன், ஒன்றும் கேட்கவில்லை. போனில் பணம் அனுப்புவீர்களா என்று மட்டும் கேட்டார். போன தடவை என் மகனிடமும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஷேர் ஆட்டோ பிடித்து முதுநகர் போனோம். தலைக்கு இருபது ரூபாய். பாலம் தாண்டும்போதே மீன் வாசனை வந்துவிட்டது, என் தூக்கு வாசனை அதற்குள் அடங்கிப்போயிற்று.

இரண்டாவது இடம் ஒரு வீடு. நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மா, சிரித்த முகம். வெயிலில் வந்தீர்களே என்று மோர் கொடுத்தாள். குட்டிகள் ஆறு, நல்ல கறுப்பு. தாயைக் கேட்டதும் மறைக்காமல் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

கம்பிக் கூண்டு. அடியிலும் கம்பிதான், படுக்க ஒரு சாக்குகூடக் கிடையாது. தாய் எழுந்து நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம். மடி தரையைத் தொட்டது. தூக்கைத் திறந்து கூண்டுக்குள் வைத்தேன். அது சோறு தின்றதை நான் என்னவென்று சொல்ல? மூச்சு விடாமல் தின்றது. தின்று முடித்துத் தூக்கை நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது. நான் வெளியே இழுத்தபோதும் நாக்கு கூடவே வந்தது.

"ராசியான நாய்ம்மா. வருஷத்துக்கு ரெண்டு ஈத்து தப்பாது" என்றாள் அந்த அம்மா, பெருமையாகத்தான்.

மாட்டுக்கே அடுத்த கன்றுக்கு முன்னால் பால் வற்றவிட்டு இரண்டு மாதம் ஓய்வு கொடுக்கிறோம். ஒரு குட்டியின் வாயைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தைந்து நாள் என்றாள்; பல் இப்போதுதான் அரிசி முனை மாதிரி எட்டிப்பார்த்தது. மாதம்கூட ஆகியிருக்காது. ஊசி போட்டாயிற்றா என்றதற்கு, அதெல்லாம் நீங்கள் போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

கனகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம் அண்ணி. ஒரு குட்டியையாவது தூக்கிக்கிட்டுப் போயிடலாம். பொழச்சிப் போவட்டும்."

எனக்கும் கை துறுதுறுத்தது. வேட்டி பையிலேயே இருக்கிறது, எடுத்துச் சுற்ற வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். நான் ஒன்று வாங்கினால் இங்கே ஒரு குட்டிக்கு இடம் காலி. அந்த இடத்தை நிரப்புகிற வேலை கூண்டுக்குள் இருக்கிறவளுக்குத்தானே வரும்? என் பணம் அவளை மறுபடியும் சினைக்கு விடுகிற பணம்.

மோர் குடித்த வீட்டில் சண்டை போடவும் மனசில்லை. "இத இத்தோட விட்டுடும்மா. இது உடம்புல இனிமே ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நீங்க எடுக்குறீங்களா, இல்லியா?"

எடுக்கவில்லை. தெருமுனை வரைக்கும் கனகா எனக்கு முன்னால் விடுவிடு என்று நடந்தாள். பிறகு அவளாகவே, "சிதம்பரம் பஸ் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். காற்று பட்டதும் தெம்பு வந்துவிட்டது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் ஓடின. போர்டு எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். முழுசாகப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த ஊருக்குப் போய்விடும். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் கனகாவை எழுப்பினேன். கோபுரம் தெரிந்ததும் இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். மிச்சமிருந்த கொத்சைத் தூக்கில் வாங்கிக்கொள்ளலாமா என்று கனகா கேட்டாள். நான் முறைத்தேன்.

லால்புரம் பக்கம் வயலை ஒட்டின வீடு அது. எஸ்தர் என்று பெயர், பள்ளிக்கூடத்து டீச்சர். ஐம்பது வயது இருக்கும். கோம்பை என்கிற நாட்டு நாய் மட்டும்தான் வைத்திருக்கிறார், வேறு ஜாதி கிடையாது. செருப்பை வெளியே விடச் சொல்லி, காலும் கையும் கழுவச் சொன்னார். இன்றைக்கு வேறு எங்காவது குட்டிகளைத் தொட்டீர்களா என்றார். தொட்டோம் என்றேன். அப்படியானால் குட்டிகளைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியாது, ரத்தமாகக் கழிகிற அந்த வியாதி சேலையிலேகூட ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்லி, வேலிக்கு இந்தப் பக்கமே நாற்காலி போட்டார். அந்தப் பக்கம் ஐந்து குட்டிகள் தாயோடு மண்ணில் புரண்டுகொண்டிருந்தன. தாய் கொழுகொழு என்றிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதுதான் இடம், இங்கேதான் என் குட்டி.

அப்புறம் டீச்சர் என்னைக் கேட்க ஆரம்பித்தார். வீட்டில் யார் யார், வேலி எப்படி, பகலில் கட்டிப் போடுவீர்களா, போன நாய் எதில் செத்தது, கிட்டத்தில் டாக்டர் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, "உங்க வயசு என்னம்மா?" என்றார்.

"நாய் வாங்க வந்திருக்கேனா, வேலை கேட்டு வந்திருக்கேனா?"

கனகா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இந்தக் குட்டி பன்னெண்டு வருஷம் இருக்கும்மா. நடுவுல உங்களுக்கு ஒண்ணுன்னா அது எங்க போவும்?"

எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன். மாடு, நிலம், நகை என்று எத்தனையோ வாங்கியிருக்கிறேன். எனக்குத் தர யோசித்தவர்கள் கிடையாது. என் தூக்கை எடுத்தேன். அது காலியாக ஆடியது.

"கோவிச்சிக்கிட்டுப் போவாதீங்க. அது என்னா, பாத்திரம்?" என்றார் டீச்சர்.

கனகாதான் எல்லாவற்றையும் கொட்டினாள்: தாய்க்குச் சோறு வைக்கிற வழக்கம், மாடிக்கடை, முதுநகர்க் கூண்டு, மகன் வைத்த கெடு, மூணாவது மாடி. டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், ஐந்து குட்டிக்கும் ஆள் இருக்கிறதாம்; ஆள் கேட்டு வந்தபிறகுதான் நாயை இணை சேர்க்கவே செய்வாராம். ஆள் இருந்தாலும் எட்டு வாரம் முடியாமல் எதுவும் வாசல் தாண்டாது.

"குட்டி உங்களுக்கு வேணாம். அது காவலுக்கு நிக்க ஒரு வருஷம் ஆவும். இருங்க" என்று வீட்டுக்குள் போனார்.

கூட்டிக்கொண்டு வந்தது ஒரு செவலை நாய், கறுத்த முகம். மல்லி என்று பெயர், ஆறு வயது. அந்தக் குட்டிகளுடைய தாய்க்கு இவள்தான் தாய். இரண்டு ஈத்தோடு நிறுத்தி கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டாராம். இப்போது மகளுக்கும் இவளுக்கும் ஒத்துப்போகவில்லை, ஒருத்தி வெளியே இருந்தால் ஒருத்தி உள்ளே. மல்லியைக் கேட்டு மூன்று பேர் வந்தார்களாம், டீச்சருக்கு ஒருத்தரையும் பிடிக்கவில்லை.

ஒரு கிண்ணத்தில் சோறும் முட்டையும் போட்டு என் கையில் கொடுத்தார். கீழே வைத்தேன். மல்லி தொடவில்லை. டீச்சரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தபிறகு மெதுவாக, ஒரு பருக்கை சிந்தாமல் தின்றாள். தின்றுவிட்டு வந்து என் கையை முகர்ந்தாள். காலையில் மீன் தலை பிசைந்த கை அல்லவா, கழுவியும் வாசனை போகவில்லை, நன்றாகவே முகர்ந்தாள்.

"என்னா வெல?" என்றேன்.

விலை கிடையாது, நிபந்தனை உண்டு என்றார். முதலில் அவர் ஞாயிற்றுக்கிழமை மல்லியோடு வந்து என் வீட்டைப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் மல்லியை அப்படியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். என்னால் முடியாமல் போகிற அன்றைக்கு, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, அவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கனகா கேட்டாள்: "வேட்டி சும்மா போவுதே அண்ணி?" அதை மடியில் விரித்துக்கொண்டு, பண்ருட்டியில் டீச்சருக்காக வாங்கப்போகிற பலாப்பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். வெறும் கையோடு திரும்பினதுபோலவே எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான். முள்வேலியில் இருந்த ஓட்டைகளை அடைத்தேன், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தேன், பூச்சி மருந்து டப்பாக்களைப் பரணில் ஏற்றினேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு பரபரக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் காரில் வந்து இறங்கினார். வேலியை அசைத்துப் பார்த்தார். தொட்டிக்குள் எட்டிப்பார்த்தார். பரணைக்கூட நிமிர்ந்து பார்த்தார். மல்லி தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாசல் நிழலில் படுத்தாள். டீச்சர் மல்லியுடைய தட்டையும் கயிற்றையும் காரிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். ஒரு பலாப்பழமும் ஒரு படி முந்திரிப் பருப்பும் வண்டியில் ஏற்றினேன், வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. போகும்போது மல்லியிடம் "இரு" என்றார். திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார். கார் மறைகிறவரைக்கும் மல்லி வேலிப் படலண்டையே நின்றாள்.

மத்தியானம் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. சாயங்காலம் மறுபடி வைத்தேன். தட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தலையசைத்தேன். தின்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் மகனுடைய வண்டி வந்து நின்றது. என் சாமான்களை மூட்டை கட்ட நாலு காலிச் சாக்கோடு இறங்கினான். படலைத் தொட்டிருப்பான். மல்லி எழுந்து போய் அவன் எதிரே நின்றாள். பாயவில்லை, சும்மா நின்று ஒரே ஒரு குரல் கொடுத்தாள். தோப்பு முழுக்கக் கேட்டது.

"அம்மா, நாயப் புடி" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவசரமில்லை, அதை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகப் போய் நாயைப் பிடிக்கலாம் என்று இருந்தேன்.