ஷேர் ஆட்டோவில் ஒரு தனிமனிதர்

பொம்மிடி ஸ்டேஷன் வாசலில், ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு சிந்தனையாளர். கசங்காத ஜிப்பா, பின்னால் வாரிய நரைமுடி. ‘தனிமனிதன்’ என்று சொல்லும்போதெல்லாம் அவருடைய ஆள்காட்டி விரல் எழும்பி ஆட்டோ கூரையில் இடிக்கும்.

“கும்பல்ல சேந்துட்டா தனிமனிதனுக்குச் சொந்த புத்தி போயிடுதுங்க. இன்னைக்கு கூட்டத்துல அதத்தான் பேசப் போறேன்” என்றார்.

“இன்னும் மூணு பேரு வந்தாதான் வண்டி எடுப்பேனுங்க” என்றார் டிரைவர்.

சிந்தனையாளர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இறங்கி, அதே விரலை ஆட்டி, “பாப்பிரெட்டிப்பட்டி! பாப்பிரெட்டிப்பட்டி! எடம் இருக்குது, வாங்க!” என்று கூவினார். ஐந்து பேர் ஏறினார்கள், ஒரு தக்காளி மூட்டையோடு. “நெருங்கி ஒக்காருங்க” என்று அவரே எங்களை அடுக்கினார்.

வழியில் கூட்டம் நடக்கவிருந்த மண்டபம் வந்தது. உள்ளே நாற்காலிகள் மட்டுமே இருந்தன. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். விரல் எழும்பியது.

“எல்லாரும் எறங்குங்க.”

நான் பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவன். ஆனாலும் இறங்கினேன். டிரைவரும் இறங்கினார். வரிசையாக உட்கார்ந்து, கும்பலோடு சேராதீர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.

ஏன் இறங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று சொந்த புத்தியோடு நடந்துகொண்டது அந்தத் தக்காளி மூட்டை ஒன்றுதான். அது ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.