‘தனி அறைதான் மேடம்’

வக்கீலுக்குப் படிக்கிறபோது எப்படி வாதாடுவது என்று சொல்லித் தருகிறார்கள். ஜெயில் வாசலில் எப்படி நிற்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அண்ணன், தம்பி, புருஷன் என்று யாரையாவது பார்க்க அந்த வாசலில் நின்றவர்களுக்கும், கறுப்புக் கோட்டோடு வெயிலில் வெந்த என் இனத்தாருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. கேட்டுக்கொண்டே தலையாட்டுவீர்கள்.

1991. எங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பையோடு நடக்கிறவர்களை எல்லாம் நிறுத்தித் திறந்து காட்டச் சொன்ன வருஷம். வல்லத்துக்காரர் ஞானப்பிரகாசம் பையோடு நடந்தார். கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பது அவர் வேலை. பைக்குள் வெடியைக் கிளப்பும் டெட்டனேட்டர் கேப்புகள் இருந்தன. குவாரி முதலாளியிடம் அதற்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் போலீஸ் போய்க் கேட்டபோது அவர் பயந்துபோய், அப்படி ஒரு ஆளையே தெரியாது என்றுவிட்டார். பிரகாசத்தை உயர் பாதுகாப்புச் சிறைக்குக் கொண்டுபோய், தனி செல்லில் போட்டுப் பூட்டினார்கள். அவர் மனைவி எஸ்தர் பல மாதம் அலைந்துவிட்டு என்னைத் தேடி வந்தாள். தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகாத எனக்கு அதுதான் முதல் பெரிய வழக்கு.

தயிர்சாதம்

அந்தச் சிறையில் கைதியின் வக்கீலும் பாதிக் கைதிதான். குடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் என் டிபன் பாக்ஸ் மாட்டிக்கொண்டது.

பெண் வார்டர் ஒருத்தி மூடியைத் திறந்து, ஸ்பூனால் தயிர்சாதத்தை அடிவரைக்கும் கிளறினாள். கிளறி முடித்து முகர்ந்து பார்த்தாள். நான் கோபத்தை அடக்கிக்கொண்டு நின்றேன். மூடியை அழுத்தி மூடிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “மத்தியானம் வரைக்கும் தாங்காது மேடம், இப்பவே புளிச்சிருக்கு. உள்ள போங்க.”

முதல் மனு

கைதியைச் சந்திப்பதை ஜெயிலில் ‘மனு பார்ப்பது’ என்பார்கள். இந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, அந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, நடுவில் ஒரு காவலர். நானும் எஸ்தரும் வலையை ஒட்டி நின்றோம். பிரகாசம் வந்து எதிரே நின்றார். உடம்பில் அடி இல்லை, காயம் இல்லை. பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

எஸ்தர், “சாப்டியா?” என்று கேட்டாள். அவர் அவளையே பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அந்தக் கேள்விக்கான பதிலை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருந்தது. எஸ்தர் திரும்பவும் கேட்டாள். ரொம்ப நேரம் கழித்து, “உம்” என்றார். அதற்குள் காவலர் நேரமாகிவிட்டது என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வெளியே வந்ததும் எஸ்தர் அழவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “வெடி வைக்கறதுக்கு மின்ன எங்க வூட்டாளு கத்துனா, குவாரிக்கு அந்தாண்ட ஆடு மேய்க்கிறவங்களே ஒதுங்கிக்குவாங்க வக்கீலம்மா. இப்ப சாப்டியான்னு கேட்டா யோசிக்கினு கீது.”

வார்த்தை விளையாட்டு

ஜெயிலர் நல்ல மனிதர்போலத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். “விசாரணைக் கைதியை யாரோடும் பேசவிடாமல் இப்படித் தனியாகப் பூட்டி வைக்கக் கூடாது சார். தனிமைச் சிறை என்பது ஒரு தண்டனை. அதைக் கோர்ட்தான் கொடுக்க முடியும்” என்றேன்.

“தனிமைச் சிறைன்னு யார் சொன்னாங்க? அது தனி அறைதான் மேடம்” என்றார். யாரையும் பார்க்க முடியாது, நடக்கவும் தனியாகத்தான் விடுகிறீர்கள், சாப்பாடு கதவின் அடியில்தான் போகிறது, இதற்கு வேறு என்ன பெயர் என்று கேட்டேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தார். “லாட்ஜுல தனி ரூம் கேட்டா வாடகை ஜாஸ்தி. நாங்க சும்மாதானே குடுக்கறோம்.”

பார் ரூமில்

ஹைகோர்ட்டில் மனுப் போடப் போகிறேன் என்றதும் எங்கள் ஊர் வக்கீல்கள் ரெண்டாகப் பிரிந்தார்கள். அவனைப்போல ஆட்களை இப்படித்தான் வைக்க வேண்டும், ஊர் பத்திரமாக இருக்கும் என்றது ஒரு கட்சி. சட்டம் உன் பக்கம்தான், ஆனால் இந்த வருஷம் வேண்டாமே என்றது இன்னொன்று. என் ஆபீசுக்கு இடம் கொடுத்த சைக்கிள் கடைக்காரர்கூட வேறு இடம் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்த வழக்கு முடியட்டும் என்று சொல்லி வைத்தேன்.

பயமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரகாசம் அந்தப் பதிலைத் தேடிய முகம் கண்ணிலேயே நின்றது. மனுவை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். மூத்த வக்கீல் ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: “ஏம்மா, வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறுன்னு ஊர்ல எவ்வளவோ கிடக்குது. வெடிக்காரனுக்குப் பேச்சுத் துணை வாங்கிக் குடுக்கிற கேஸ்தான் உனக்கு ஆப்ட்டுதா?”

நீதிபதி காத்திருந்தார்

அரசு வக்கீல் எழுந்து, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு, காற்றோட்டம் உண்டு, கைதிக்கு எந்தக் குறையும் இல்லை என்று அழகாகப் பேசினார். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிரகாசத்தை நேரில் அழைத்து வரச் சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு ஜெயிலரே கூட்டி வந்தார்.

“உன் பெயர் என்னப்பா?” என்று நீதிபதி கேட்டார். பிரகாசம் வாயைத் திறந்தார், மூடினார். அரசு வக்கீல், “நடிக்கிறார்” என்றார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். கோர்ட் முழுக்கக் காத்திருந்தது. கடைசியில் பெயர் வந்தது. “உள்ளே யாரோடு பேசுவாய்?” பிரகாசம் மெதுவாகச் சொன்னார்: “தட்ட உள்ள தள்றதுக்கு ஒரு கை வரும் ஐயா. அதாண்ட பேசுவேன். அது பதில் சொல்லாது.”

நீதிபதி ஜெயிலர் பக்கம் திரும்பினார். இவர் உள்ளே ஏதாவது தப்புச் செய்தாரா? இல்லை. எந்தக் கோர்ட்டாவது தனியாக வைக்கச் சொன்னதா? இல்லை. பாதுகாப்புக்காக என்று ஜெயிலர் இழுத்தார். நீதிபதி குரலை உயர்த்தவே இல்லை. “ஒரு மனுஷன் தன் பெயரைச் சொல்றதுக்கு நான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். இன்னிக்கே இவரைப் பொது பிளாக்குக்கு மாத்துங்க. உத்தரவு இல்லாம அந்தத் தனி செல் வரிசையில வெச்சிருக்கிற மத்தவங்களையும் மாத்துங்க.”

இரண்டாவது மனு

அடுத்த முறை போனபோது பிரகாசத்தின் கண்கள் சிவந்திருந்தன. தூங்கவே விடுவதில்லை என்றார். யார் என்று பதறிப்போய்க் கேட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை விடுகிறானாம். இன்னொருவன் மாமியார் சண்டையை முதலிலிருந்து சொல்கிறானாம். மூன்றாமவன் விடியும் முன்பே பாட ஆரம்பித்துவிடுகிறானாம்.

அவர் பேசப் பேச எஸ்தர் வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீரும் வந்தது. வேறு பிளாக்குக்கு மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன். பதில் உடனே வந்தது: “வாணாம் வக்கீலம்மா. ஒருத்தனும் வாய மூட மாட்றான். நல்லா கீது.”

குவாரி வாசல்

உத்தரவு செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்தால், லைசென்ஸைக் காட்டி பிரகாசம் தன் ஆள்தான் என்று சொல்ல முதலாளிக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எஸ்தர் சாப்பாட்டுத் தூக்கோடு போய் அவர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. லாரி டிரைவர்கள் இறங்கி இறங்கி விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும், “முதலாளிக்கு எங்க வூட்டுக்காரரைத் தெரியலியாம், அதான் ஞாபகம் வர்ற வரைக்கும் குந்திகினு கீறேன்” என்றாள்.

சாயங்காலம் முதலாளி லைசென்ஸோடு வெளியே வந்து டிரைவரிடம் சொன்னார்: “ஸ்டேஷனுக்கு வண்டிய எடுப்பா. இந்தம்மா எழுந்திருக்கிற மாதிரி தெரியல.”

பஸ்

வழக்கைக் கைவிட்டார்கள். பிரகாசம் வெளியே வந்த நாளில் நாங்கள் மூவரும் பஸ்ஸுக்கு நின்றோம். முதலில் வந்த பஸ்ஸில் சீட்டெல்லாம் காலி. நான் ஏறக் காலெடுத்து வைத்தேன், பிரகாசம் நகரவில்லை. அது போய்விட்டது. அடுத்தது ஃபேக்டரி ஷிப்ட் முடிந்த கூட்டத்தோடு, படியில் ஆள் தொங்க வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் தோளை நுழைத்து அவர் ஏறிவிட்டார். யாரோ அவர் காலை மிதித்தார்கள்; அவர் சிரித்தார். ஏறுகிற எங்களைப் பார்த்துக் கண்டக்டர் கத்தினார்: “அந்த ஆளு பக்கத்துல எடம் இருக்குது பாரு, ஒட்டி நில்லும்மா.”

ஒரு மனிதனை மற்ற மனிதர்களின் தொல்லைக்கு நடுவில் கொண்டுபோய் விடுவதற்கு, அந்த வருஷம் எனக்கு ஒரு அலமாரிச் சட்டப் புத்தகம் தேவைப்பட்டது.