நொத்தாரிசின் நாற்காலியைவிட

நான் வேலைசெய்த வீட்டுச் சிஞ்ஞோரா குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய துண்டு, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை: “அப்பாவின் சக்கர நாற்காலியை மெதுவாகத் தள்ளவும். இன்னொரு முறைப்பாடு வந்தால் வேறு ஆள் பார்ப்பேன்.” ஆண்டு எழுதப்படவில்லை. என் இத்தாலி வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கிடந்த வருடம் என்பதால் 2014 என்று கணிக்கிறேன். வேலை போனால் அதுவும் போகும்.

சிஞ்ஞோராவின் அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. பலேர்மோ துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். கப்பல்காரரிடம் பழகிய ஆங்கிலத்தில்தான் என்னோடு பேசுவார். மகளுக்கு அது விளங்காது என்பது அவருக்கு வசதி. நாப்போலிக் கப்பல் அவருக்கு ‘ஃபாஸ்ட்’. நாற்காலியில் இருத்தியதும் ‘ஃபாஸ்டர்’ மட்டும்தான். ‘கூடுதல் வேகமான’ என்றது என் அகராதி. எதைவிடக் கூடுதல் என்பதை லிபெர்த்தா நடைபாதையில் அறிந்தேன்: பத்திரங்கள் எழுதி ஓய்ந்த எதிர்வீட்டு நொத்தாரிசின் நாற்காலியைவிட. நொத்தாரிசு பின்னால் வந்தால், நாங்கள் நின்றே விட்டாலும் அவருக்குக் குறையில்லை.

நொத்தாரிசைத் தள்ளியவள் ஒரு மன்னார்ப் பிள்ளை. கதைத்துக்கொண்டு போவதற்காக நாற்காலிகளைச் சமமாகத் தள்ளுவோம். அந்தச் சமம்தான் கிழவர்கள் இருவருக்கும் பொறுக்காது.

அன்று பின்னேரம் அவளிடம் முன்கூட்டியே சொன்னேன். “இண்டைக்கு ஓடேலாது. சிஞ்ஞோரா துண்டு ஒட்டியிருக்கிறா.”

நொத்தாரிசு சிசிலிய மொழியில் ஏதோ சொன்னார்.

“அக்கா, உங்கடை சில்லிலை காத்து இல்லையோ எண்டு கேக்கிறார்.”

என் ஆளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. “ஃபாஸ்டர்,” என்றார். நான் அசையாததால், தானே ஒரு சில்லைப் பிடித்து உருட்டினார். நாற்காலி தெருப் பக்கம் திரும்பியது. நேராக்குவதற்காகத்தான் ஓடினேன். அவளும் ஓடினாள், ஏன் என்று கேட்கவில்லை.

மருந்துக்கடை வாசலில் சிஞ்ஞோரா நின்றார். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கிழவர்களோ யார் முந்தியது என்று கையை ஆட்டிச் சண்டை பிடித்தார்கள். சற்றுநேரம் கேட்டுக்கொண்டிருந்த சிஞ்ஞோரா, “நான் பார்த்தேன். அப்பாதான்,” என்றார். வென்ற நாற்காலியைத் தள்ளியவளை வேலையிலிருந்து நிறுத்த அதன்பின் அவருக்கு வழியிருக்கவில்லை.

மன்னார்ப் பிள்ளை இதை ஏற்பதில்லை. “அவ பைக்குள்ளை வீட்டுக் கதவுத் திறப்புத் தேடிக்கொண்டெல்லோ நிண்டவ. அரைச் சில்லாலை நாங்கள்தான் அக்கா முன்னுக்கு.”

மருந்துக்கடைக்காரரை இன்னும் விசாரிக்கவில்லை. முந்தியது யார் என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.